குரூப் 4 தயாரிப்பு: படிக்கும் முறையை எப்போது மாற்றுவது, எப்போது கை வைக்காமல் இருப்பது

டிஎன்பிஎஸ்சி எனும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு சமயங்களில் படிக்கும் முறையை மாற்றுகிறார்கள். மாதிரித் தேர்வில் மார்க் சரிந்த அன்று ராத்திரி ஒன்று. முதல் ரேங்க் வாங்கியவரின் பேட்டியை யூடியூபில் பார்த்த மறுநாள் காலை இன்னொன்று. இரண்டுமே அதற்கு ஏற்ற நேரம் இல்லை. உண்மையிலேயே மாற்ற வேண்டிய நேரம் என்பது மூன்று மாதமாக மார்க் ஒரே இடத்தில் நிற்கும்போது. ஆனால் அப்போது பார்த்து, "இன்னும் கொஞ்சம் கூடப் படித்தால் வந்துவிடும்" என்று எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கிப் பழைய முறையையே தொடர்கிறார்கள்.

இந்த முடிவை மனசு எடுக்காமல் நோட்டில் இருக்கும் எண்கள் எடுக்கும்படி செய்வது எப்படி என்பதே இங்கே விஷயம். எண்கள் குரூப் 4-க்கானவை. குரூப் 2 முதனிலை, காவலர் தேர்வு எழுதுகிறவர்கள் கேள்வி எண்ணிக்கை, மார்க், நேரம் ஆகியவற்றைத் தங்கள் தேர்வுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் கேள்வித்தாளின் கணக்கு

200 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை மார்க். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 150-க்கு 60 மார்க் எடுக்காவிட்டால் மற்ற நூறு கேள்வியைத் திருத்தவே மாட்டார்கள். தவறான விடைக்கு மார்க் பிடித்தம் இல்லை.

2025 தேர்வுக்கு முன் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தில் எந்த அலகில் எத்தனை கேள்வி என்று டிஎன்பிஎஸ்சியே கொடுத்துவிட்டது. தமிழில் இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15. பொது அறிவில் அறிவியல் 5, புவியியல் 5, வரலாறும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டு வரலாறு பண்பாடு சமூக இயக்கங்கள் 20. திறனறிவில் கணக்கு 15, காரணவியல் 10. நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அறிவிக்கை வந்ததும் இந்த எண்களை அதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் பட்டியலையும் போன வாரம் எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் போனது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். அறிவியல் பிடிக்கும் என்பதால் தினம் இரண்டு மணி நேரம் இயற்பியலுக்குப் போகும். அங்கே இருப்பது ஐந்து கேள்வி. பழைய நோட்ஸை வைத்துக்கொண்டு புலவர்களின் ஊர், பெற்றோர், அடைமொழி என்று மனப்பாடம் நடக்கும். இலக்கியத்துக்கு இப்போது பதினைந்துதான். நேரப் பங்கீடு கேள்விப் பங்கீட்டோடு ஒட்டாவிட்டால் அதை இன்றே மாற்றலாம். எந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மற்ற மாற்றங்களுக்கு ஆதாரம் வேண்டும்.

மாதிரித் தேர்வு மார்க்கை எவ்வளவு நம்பலாம்

பாடத்தில் 70% தெரிந்த ஒருவர், அதே தரத்தில் இருக்கும் பத்து வேறு வேறு கேள்வித்தாள்களை எழுதினால் பத்திலும் 140 சரியாக வராது. எந்தக் கேள்வி வந்து விழுகிறது என்ற தற்செயலாலேயே ஆறேழு கேள்வி மேலும் கீழும் ஆடும். எப்போதாவது பன்னிரண்டு, பதின்மூன்று வரைகூடப் போகும். அதாவது ஒரு தேர்வில் 217.5 மார்க், அடுத்ததில் 202.5 என்றால், நீங்கள் பின்தங்கிவிட்டதாக அர்த்தம் இல்லை. திறனறிவில் 25 கேள்விதான் என்பதால் அங்கே 17-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இதோடு தாளின் கடினமும் சேர்கிறது. டெஸ்ட் பேட்ச் நடத்தும் இடங்களில் ஒரு தாள் பாடப்புத்தக வரியிலிருந்து நேராக எடுத்ததாக இருக்கும், அடுத்தது வேண்டுமென்றே சுற்றி வளைத்ததாக இருக்கும். போன வாரம் எழுதிய தாளையே மறுபடி எழுதி மார்க் ஏறியதாக நினைப்பது இன்னொரு வகை ஏமாற்றம்.

அதனால் செய்ய வேண்டியது இது:

ஒன்று, டிஎன்பிஎஸ்சி தளத்தில் இருக்கும் உண்மையான பழைய கேள்வித்தாள்களில் மூன்றைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். 2022 ஜூலை, 2024 ஜூன், 2025 ஜூலை குரூப் 4 தாள்கள் பொருத்தமானவை. முதல் இரண்டும் பழைய பாடத்திட்டத்தில் வந்தவை என்பதால், தமிழ்ப் பகுதிக்கு 2025 தாள்தான் சரியான அளவுகோல். இவற்றின் கேள்விகளைத் தினப் பயிற்சியில் கலந்துவிட்டால் அளவுகோலே போய்விடும்.

இரண்டு, தனித் தேர்வு மார்க்கைப் பார்க்காதீர்கள். மூன்று தேர்வுகளின் சராசரியை அடுத்த மூன்றின் சராசரியோடு ஒப்பிடுங்கள். பத்து கேள்வி வித்தியாசம் இருந்தால் ஏற்றமோ இறக்கமோ நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்துக்குக் கீழே இருந்தால் மார்க் நகரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, மொத்த மார்க்கை உடைத்துப் பாருங்கள். இதுதான் முக்கியம்.

உறுதி, பாதி, குருட்டு

மாதிரித் தேர்வு எழுதும்போதே ஒவ்வொரு கேள்வி எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். விடை நிச்சயமாகத் தெரிந்தால் டிக். இரண்டு விடைக்குள் குழப்பம் என்றால் கேள்விக்குறி. சுத்தமாகத் தெரியாமல் போட்டால் பெருக்கல் குறி. ஒரு கேள்விக்கு ஒரு நொடிகூட ஆகாது. விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்திய பிறகு மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

ஒரு தாளில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டிக் போட்டது 104, அதில் சரி 96. கேள்விக்குறி 48, சரி 26. பெருக்கல் குறி 48, சரி 13. மொத்தம் 135 சரி, 202.5 மார்க்.

மார்க் அட்டையில் 135 என்று நிற்கும். உங்களுக்குத் தெரிந்தது 96தான். இரண்டில் ஒன்று என்று நின்ற 48 கேள்வியில், காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே 24 வந்திருக்கும்; வந்தது 26. ஆக அந்தப் 'பாதி தெரிந்தது' கிட்டத்தட்ட தெரியாததுதான். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 48-க்கு 12 வரும், வந்தது 13. நிச்சயம் என்று போட்டுத் தப்பான எட்டு இருக்கிறதே, அவற்றைத்தான் சிவப்பு மையில் எழுத வேண்டும். மனதில் தப்பாகப் பதிந்த தகவலை நீங்களாக மறுபடி தேடிப் போய்ப் பார்க்க மாட்டீர்கள்.

அடுத்த மாதம் மொத்தம் 133-க்கு இறங்கி, டிக்கில் சரியானது 110 ஆகியிருந்தால் முறை வேலை செய்கிறது. அதிர்ஷ்டம்தான் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மொத்தம் 141-க்கு ஏறி டிக்கில் சரியானது 96-இலேயே நின்றால், சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. முறையை மாற்றுவதா வேண்டாமா என்பதற்கு இந்த டிக் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கேயே ஒரு விஷயம். விடைத்தாளில் ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்ற வட்டம் இருக்கிறது. தவறுக்குப் பிடித்தம் இல்லாத தேர்வில் அதை நிரப்புவது நஷ்டம். மேலே சொன்ன 48 குருட்டுக் கேள்விக்கும் அதை நிரப்பியிருந்தால் சுமார் 18 மார்க் போயிருக்கும். தெரியாதவற்றுக்கும் நான்கில் ஒன்றை நிரப்புங்கள். எதையும் காலியாக விடாதீர்கள்.

தப்பு எங்கே நடக்கிறது

மூன்று தேர்வில் தப்பான கேள்விகளைச் சேர்த்தால் இருநூறு தேறும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். உட்கார்ந்து செய்தால் ஒரு மாலை நேரம் பிடிக்கும். காரணங்கள் ஐந்துதான்: படிக்கவே இல்லை, படித்தேன் ஆனால் மறந்துவிட்டேன், இரண்டைக் குழப்பிக்கொண்டேன், கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, நேரம் போதவில்லை. கணக்கில் மட்டும் 'வழி தெரியவில்லை', 'வழி தெரியும், கூட்டல் பெருக்கலில் பிழை' என்று தனியாகப் பிரியுங்கள்.

'கவனக்குறைவு' என்று ஒரு தலைப்பு வைக்காதீர்கள். வைத்தால் பாதித் தப்பு அதில்தான் போய்ச் சேரும். அதற்கு மருந்தும் கிடையாது.

எது அதிகமோ அதற்கேற்ற மாற்றம்தான் வேண்டும். 'மறந்துவிட்டேன்' தான் நூறு என்றால் புதுப் புத்தகம் வாங்குவதால் பயன் இல்லை. 'படிக்கவே இல்லை' தான் நூறு என்றால் ரிவிஷன் அட்டவணை போட்டு என்ன செய்வது? பேட்டியில் ஒருவர் சொன்ன முறை அவருடைய தப்புக்கான மருந்து. உங்கள் தப்பு வேறாக இருக்கலாம்.

'படிக்கவே இல்லை' அதிகம் என்றால் முறையில் கோளாறு இல்லை. பாடம் முடியவில்லை, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரையிலான சமூக அறிவியல், தமிழ்ப் புத்தகங்களை முடிப்பதுதான் வேலை. இந்த நிலையில் மாதிரித் தேர்வை மாதம் ஒன்றாகக் குறைத்துவிடலாம். படிக்காததைத் திரும்பத் திரும்பச் சோதித்து மனம் நோவதில் லாபம் இல்லை.

'மறந்துவிட்டேன்' அதிகம் என்றால் மாற்றம் ஆழமாக வேண்டும். கிட்டத்தட்ட எல்லாருமே மறுபடி வாசிப்பதைத்தான் ரிவிஷன் என்கிறார்கள். மஞ்சள் மையில் அடிக்கோடிட்ட வரிகளை மூன்றாவது முறை பார்க்கும்போது எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். பழகியதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்வோம். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். குரூப் 4 ஐந்து நிமிடம் கழித்து வைக்கும் தேர்வு இல்லையே.

செய்யும் விதம்: ஒரு பாடத்தை ஒருமுறை படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் பத்து நிமிடம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதை மட்டும் வேறு நிற மையில் சேருங்கள். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், இருபத்தைந்தாம் நாள் என்று அதே பாடத்தை மூடிய புத்தகத்தோடு திரும்ப எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு நிற மையின் அளவு குறைய வேண்டும். இருபத்தைந்தாம் நாளிலும் அதே வரிகள் விட்டுப்போனால், அந்த வரிகளை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதித் தனிக் கட்டாக வையுங்கள்.

'குழப்பிக்கொண்டேன்' என்பது வேறு நோய். தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே தெரியும். சேர்த்துக் கேட்டால் மாறிவிடும். ஆட்சியியலில் இது நிறைய. 73-வது திருத்தம், பஞ்சாயத்து, பகுதி 9, பதினொன்றாம் அட்டவணை, 29 பொருள்கள். 74-வது திருத்தம், நகராட்சி, பகுதி 9அ, பன்னிரண்டாம் அட்டவணை, 18 பொருள்கள். இதை இரண்டு பாடமாகப் படித்தால் 29-உம் 18-உம் இடம் மாறும். ஒரே சீட்டில் இரண்டு பத்தியாக எழுதி, ஒரு பக்கத்தைக் கையால் மறைத்து மறுபக்கத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். சரத்து 17 தீண்டாமை ஒழிப்பு, 18 பட்டங்கள் ஒழிப்பு; 23 கட்டாய உழைப்பு, 24 குழந்தைத் தொழிலாளர் என்று இப்படிப்பட்ட ஜோடிகள் உங்கள் தப்புப் பட்டியலிலேயே கிடக்கும். நாற்பது, ஐம்பது சீட்டுக்கு மேல் தேவைப்படாது.

இலக்கணத்தில் குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் விதியை மட்டும் படிப்பது. வினைத்தொகை என்றால் என்ன என்று கேட்டால் வரி பிசகாமல் சொல்வார்கள். கொல்களிறு, செங்காந்தள், மலர்க்கை, தேர்ப்பாகன் என்று நான்கு சொல்லைக் கொடுத்து எது எந்தத் தொகை என்றால் திணறுவார்கள். கேள்வித்தாளில் வருவது இரண்டாவது மாதிரிதான். விதிக்கு ஐந்து நிமிடம், சொற்களை வகை பிரிப்பதற்கு இருபத்தைந்து நிமிடம் என்று நேரத்தைத் திருப்பிப் போடுங்கள்.

'கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை' என்பது பத்துக்கு மேல் இருந்தால் அதற்குப் படிப்பு தேவையில்லை, பழக்கம்தான் தேவை. 'தவறான இணை எது', 'பொருந்தாதது எது', 'சரியான கூற்றுகள் எவை' என்ற சொற்களைக் கண்டதும் விரல் அங்கே நிற்க வேண்டும். மாதிரித் தேர்வில் அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்ட பிறகே விடைகளைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மூன்று நான்கு தேர்வில் சரியாகிவிடும். கூற்று, காரணம் கேள்விகளில் இரண்டும் தனித்தனியாக உண்மையா என்று முதலில் தீர்த்துவிட்டு, பிறகு ஒன்று மற்றொன்றை விளக்குகிறதா என்று பாருங்கள்.

கணக்கில் 'வழி தெரியவில்லை' என்றால் வீடியோ பார்ப்பதைக் குறைக்க வேண்டும். திரையில் ஒருவர் போடும்போது எல்லாம் புரியும். ₹8,000-க்கு 5% வீதம் இரண்டு ஆண்டில் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் வித்தியாசம் என்ன என்று மறுநாள் வெறும் தாளில் கேட்டால் கை நின்றுவிடும். முதலாண்டு வட்டி 400, அந்த 400-க்கு ஓராண்டு 5% வட்டி 20, வித்தியாசம் ₹20. சூத்திரம் மறந்தாலும் இதைப் போட முடிகிறதா என்பதுதான் சோதனை. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்த்தால், எண்ணை மாற்றி மூன்று கணக்கு மூடிய நோட்டோடு போட வேண்டும், மறுநாள் இன்னொன்று. 'கூட்டலில் பிழை' என்றால் தினம் இருபது நிமிடம் பெருக்கல், வகுத்தல், விழுக்காடு மட்டும் போட்டால் போதும், புதுப் பாடம் வேண்டாம்.

நேரம் போதவில்லை என்பவர்கள் கடிகாரத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். தமிழ் நூறுக்கு 55 நிமிடம், பொது அறிவுக்கு 55, திறனறிவுக்கு 40. மிச்சம் அரை மணி, வட்டம் நிரப்பவும் விட்டதைப் பார்க்கவும். ஒரு கணக்கு ஒன்றரை நிமிடத்தில் முடியவில்லை என்றால் குறி போட்டுவிட்டு நகருங்கள். எல்லா விடையையும் கேள்வித்தாளில் குறித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக நிரப்பும் பழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். கேள்வி எண் ஒன்று தவறினால் கீழே எல்லாம் சறுக்கும். பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு நிரப்புவது பாதுகாப்பு.

முறை தோற்றதா, நடக்கவே இல்லையா

முறையைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. போட்ட திட்டத்தில் எவ்வளவு நடந்தது? நான்கு வாரத்தில் 120 மணி நேரம் என்று திட்டம் போட்டு 65 மணி நேரம் படித்திருந்தால், அந்த முறை நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. திட்டத்தில் ஐந்தில் நான்கு பங்காவது நடந்திருந்தால்தான் முறையின் மேல் தீர்ப்பு சொல்லலாம்.

நடக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியது கால அட்டவணையை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர், முழு நேரம் படிப்பவரின் பத்து மணி நேர அட்டவணையை எடுத்துக்கொண்டு தினமும் தோற்பார். பத்தாம் நாள் விட்டுவிடுவார். அவருக்கு நிஜமாகக் கிடைக்கும் இரண்டரை மணி நேரத்துக்கு அட்டவணை போட்டால் அது நடக்கும், அளக்கவும் முடியும். படித்த நேரத்தைத் தினம் ஒரு வரி எழுதிவையுங்கள். நூலகத்தில் உட்கார்ந்திருந்த நேரமும் போன் பார்த்த நேரமும் அதில் சேராது.

தேதியை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்

புது முறையைத் தொடங்கும் நாளிலேயே நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன மாற்றுகிறேன், எதை அளப்பேன், எந்தத் தேதியில் பார்ப்பேன், எவ்வளவுக்குக் கீழே இருந்தால் கைவிடுவேன். உதாரணமாக: "பொது அறிவுக்கு மூடிய புத்தக ரிவிஷன். 75-இல் டிக் போட்டுச் சரியானது இப்போது சராசரி 34. ஆறு வாரம் கழித்து மூன்று தேர்வின் சராசரி 40-க்குக் குறைவாக இருந்தால் மாற்றுவேன்." அந்தத் தேதி வரை எந்தப் பேட்டியைப் பார்த்தாலும், நண்பர் எந்தப் புத்தகத்தைக் காட்டினாலும், நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

நான்கு வாரத்துக்குக் குறைவாக எந்த முறைக்கும் கெடு வைக்காதீர்கள். முக்கியமாக மூடிய புத்தக முறைக்கு. அதில் முதல் இரண்டு வாரம் மோசமாக இருக்கும்: ஒரு நாளில் படிக்கும் பக்கம் பாதியாகக் குறையும், எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வராது, முன்பு தெரிந்ததுகூட மறந்துவிட்டதாகத் தோன்றும். பலர் சரியாக இந்த இடத்தில்தான் விட்டுவிட்டுப் பழைய வாசிப்புக்குத் திரும்புகிறார்கள். இருபத்தைந்தாம் நாள் எழுதும் தாளில் என்ன நிற்கிறது என்று பார்க்காமல் முடிவு எடுக்கக்கூடாது.

ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கோச்சிங், புத்தகம், படிக்கும் நேரம் மூன்றையும் சேர்த்து மாற்றி மார்க் ஏறினால், எதனால் ஏறியது என்று தெரியாது. இறங்கினால் எதைத் திரும்பக் கொண்டுவருவது என்றும் தெரியாது. தமிழில் ஒரு மாற்றம், கணக்கில் ஒரு மாற்றம் என்று தனித்தனிப் பகுதியில் சேர்த்துச் செய்வதில் தவறில்லை. அவற்றின் மார்க் தனியாகத் தெரியும்.

கெடு வரும்வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. பாடத்திட்டம் மாறியதாக அறிவிப்பு வந்தால் அன்றே திட்டம் மாற வேண்டும். 2022 தேர்விலிருந்து பொது ஆங்கிலத்தை எடுத்து எழுதும் வாய்ப்பு போனபோது, தமிழைத் தொடத் தாமதித்தவர்கள் மாதங்களை இழந்தார்கள். மாதிரித் தேர்வில் தமிழ் 60 மார்க் பக்கத்தில் ஊசலாடினால், மற்ற பாடங்களை நிறுத்திவைத்துவிட்டுத் தமிழுக்கே போக வேண்டும். பொது அறிவில் 75-க்கு 75 எடுத்தாலும் அதைத் திருத்தப் போவதில்லை. தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போய் இரண்டு வாரம் ஆகியிருந்தால், வேறு எதையும் ஆராய்வதற்கு முன் அதைச் சரி செய்யுங்கள்.

தேர்வுக்கு முந்தைய முப்பது நாள்

இந்த முப்பது நாளில் புது முறை, புதுப் புத்தகம், புது டெஸ்ட் பேட்ச் எதுவும் வேண்டாம். ஒரு மாற்றம் பலன் தர நான்கு வாரம் ஆகும் என்றால், இப்போது தொடங்கும் மாற்றத்தின் சரிவு மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும். மாற்றக்கூடியவை சின்ன விஷயங்கள்: மாதிரித் தேர்வைக் காலை 9.30 முதல் 12.30 வரை எழுதுவது, தேர்வில் பயன்படுத்தப்போகும் கருப்புப் பேனாவிலேயே வட்டம் நிரப்பிப் பழகுவது, எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்று முடிவு செய்வது. குழப்பச் சீட்டுக் கட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள்.

தேர்வையே மாற்றுவது

இரண்டு மூன்று முறை எழுதியும் வரவில்லை என்றால், எத்தனை வருடம் போனது என்று பார்த்து முடிவு எடுக்காதீர்கள். போன வருடங்கள் திரும்பி வராது. இன்னொரு வருடம் போடுவதற்கு அது காரணமும் ஆகாது. பார்க்க வேண்டியது: உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் போன முறை தேவைப்பட்ட மார்க்குக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு தேர்விலும் குறைந்துகொண்டு வருகிறதா? 30 மார்க், 18, 8 என்று குறைந்தால் வழி சரி. 20, 22, 19 என்று நின்றால், மேலே சொன்னபடி பிரித்துப் பார்த்து ஒரு சுற்று மாற்றம் செய்து இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் வேறு தேர்வையோ வேறு வேலையையோ இணையாக வைத்துக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது. இதற்கான தேதியையும் வீட்டாரோடு பேசி, அடுத்த அறிவிக்கை வருவதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. ரிசல்ட் வந்த வாரத்தில் யாராலும் நிதானமாகப் பேச முடியாது.

வேறு தேர்வுக்குத் தாவும்போது குரூப் 4 பழக்கம் ஒன்றைக் கழற்றிவைக்க வேண்டும். ரயில்வே என்டிபிசி தேர்வில் ஒரு தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும்; ஐபிபிஎஸ் வங்கித் தேர்வில் கால் பங்கு. அங்கே குருட்டாம்போக்கில் நிரப்பினால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, நேரம்தான் வீணாகும். ஆனால் இரண்டு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால் அங்கேயும் போடலாம். டிக், கேள்விக்குறி, பெருக்கல் குறி என்று பிரித்து எழுதிப் பழகியவர்களுக்கு எதை விடுவது, எதைப் போடுவது என்று முதல் மாதிரித் தேர்விலேயே தெரிந்துவிடும்.